இடியப்ப உரலும் இரும்புப் பரலும்: வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் மோல்டிங் பொறி

எங்கள் பக்கம் வாளி வெடித்தால் யாரும் உடனே தூக்கி எறிவதில்லை. கத்தியை அடுப்பில் காய்ச்சி வெடிப்பின்மேல் இழுத்து, உடைந்த வேறொரு வாளியின் துண்டை உருக்கி அப்பிவிடுவார்கள். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணமும், கத்தி நுனியில் நூல் நூலாக இழுபடும் பிளாஸ்ரிக்கும் நினைவிருக்கும். சில வாளி அப்படியே ஒட்டிக்கொள்ளும். சிலது எவ்வளவு அப்பினாலும் மறுநாள் பொருக்காகக் கழன்று வரும். ஏன் என்று அம்மாவிடம் கேட்டால், "அது கூடாத பிளாஸ்ரிக்" என்பார்.

கூடாத பிளாஸ்ரிக் இல்லை, வேறு பிளாஸ்ரிக். வாளி ஒருவகை, அப்பிய துண்டு இன்னொருவகை. எண்ணெயும் தண்ணீரும் போல உருகிய நிலையிலும் இவை ஒன்றோடொன்று கலக்காது. இது விளங்கினால், வீட்டிலேயே பிளாஸ்ரிக் உருக்கி அச்சில் ஏற்றும் பொறி பற்றிப் பேசத் தொடங்கலாம்.

பிளாஸ்ரிக்கில் பெரிய பிரிவு இரண்டு. சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகி, திரும்பச் சூடாக்கினால் திரும்ப இளகுவது ஒன்று. வாளி, கதிரை, போத்தல் மூடி எல்லாம் இந்தச் சாதி. ஒருமுறை வெந்து இறுகியபின் எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாமல் கருகிப்போவது மற்றது. பிரஷர் குக்கரின் கறுப்புக் கைப்பிடி அந்தவகை. நமக்கு வேண்டியது முதலாவது மட்டும்.

இடியப்பம் பிழிந்தவருக்கு இந்தப் பொறி ஏற்கெனவே தெரியும். உரலுக்குள் மா, மேலே அழுத்தும் பிடி, அடியில் ஓட்டைத் தகடு. மாவுக்குக் கொதிநீர் போதாவிட்டால் பிழிய உயிர் போய்விடும். கூடிவிட்டால் களியாக வழியும். உரலின் இடத்தில் பரல் என்னும் தடித்த இரும்புக் குழாய், பிடியின் இடத்தில் அதற்குள் இறங்கி அழுத்தும் பிஸ்ரன், ஓட்டைத் தகட்டின் இடத்தில் ஒரேயொரு ஓட்டையுள்ள நொசில், இடியப்பத் தட்டின் இடத்தில் மூடிய அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் இன்ஜெக்சன் மோல்டிங் என்கிறார்கள்.

இது புதுச் சங்கதியும் இல்லை. 1872இல் அமெரிக்காவில் ஹயற் சகோதரர்கள் செலுலோயிட் என்ற ஆரம்பகாலப் பிளாஸ்ரிக்கை அச்சுக்குள் தள்ளும் பொறிக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அது ஒரு பெரிய ஊசிக் குழல்தான். இன்றைக்குத் தொழிற்சாலைகளில் ஓடும், திருகு சுழன்று தள்ளும் பொறி 1946இல்தான் வந்தது. வீட்டில் நாம் செய்யப்போவது ஹயற் காலத்துப் பொறியின் பேரப்பிள்ளை. திருகு இல்லாதது, கையால் இழுப்பது.

பரல், பிஸ்ரன், நெம்பு

பரலுக்கு 25 மில்லிமீற்றர் உள்விட்டமும் 10 மில்லிமீற்றர் சுவர்த் தடிப்பும் உள்ள இரும்புக் குழாய் ஒரு முழம் போல இருந்தால் போதும். தண்ணீருக்குப் போடும் நாகம் பூசிய குழாய் வேண்டாம். உள்ளே ஒட்டுத் தையல் இருக்கும், பிஸ்ரன் அதில் மாட்டும். அதை வெல்டிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகையும் காய்ச்சலைக் கொண்டுவரும். உழவு இயந்திரத்தின் பழைய ஹைட்ரோலிக் சிலிண்டர் கிடைத்தால் அதுதான் தங்கம். உட்சுவர் கண்ணாடி போல இருக்கும். கிடைக்காவிட்டால் உருண்டைக் கம்பி வாங்கி லேத்தில் துளை போடுவித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மண்ணுக்கு மட்டுமான ஓர் எச்சரிக்கையும் உண்டு. தடித்த சுவருள்ள நல்ல இரும்புக் குழாய் ஒன்று பற்றைக்குள் கிடக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் கையில் வாங்காதீர்கள். அது போர்க்காலத்து வெடிக்காத குண்டாக இருக்கலாம். என்னவென்று தெரியாத இரும்பை அறுக்கவும் கூடாது, சூடாக்கவும் கூடாது. அந்த இடத்திலிருந்து எடுக்கவும் கூடாது. பழைய இரும்பில் மிச்சம் பிடிக்க நினைத்துக் கையை இழந்தவர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

என் முதல் பிஸ்ரனை அலுமினியத்தில் செய்வித்தேன். கைவசம் கம்பி இருந்தது, காசு மிச்சம் என்று நினைத்தேன். பரலுக்குள் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. 200 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. லேத்காரரிடம் தூக்கிக்கொண்டு போனபோது சிரித்தார். "தம்பி, ரெண்டும் ஒரே இரும்பா இருக்கோணும். சூடாகேக்க ஒண்டு கூட ஊதும், மற்றது குறைய ஊதும்."

கணக்கு அவர் பக்கம்தான். இரும்பு ஊதுவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அலுமினியம் ஊதும். 25 மில்லிமீற்றர் தடிப்பில், 170 பாகை சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட 0.05 மில்லிமீற்றர் கூடுதலாகப் பருக்கும். நான் விட்டிருந்த இடைவெளியே அவ்வளவுதான். இரும்புப் பரலுக்கு இரும்புப் பிஸ்ரன், விட்டத்தில் 0.1 மில்லிமீற்றர் இடைவெளி. பிளாஸ்ரிக் தேன் போல, அதைவிடத் தடிப்பாக இருக்கும். அந்த இடுக்கால் மேலே ஏறி வராது.

இனி நெம்பு. ஒரு மீற்றர் நீளக் கம்பி. அதன் ஒரு முனை சட்டத்தில் ஓர் ஆணியில் மாட்டி ஆடும்படி நிற்க, அங்கிருந்து 10 சென்ரிமீற்றரில் பிஸ்ரன், மறுமுனையில் உங்கள் கை. பத்துக்கு ஒன்று. நீங்கள் 40 கிலோ பாரத்தோடு தொங்கினால் பிஸ்ரனில் 400 கிலோ இறங்கும். பிஸ்ரனின் முகப் பரப்பு 4.9 சதுர சென்ரிமீற்றர். ஆக, பிளாஸ்ரிக்கின்மேல் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 80 கிலோவளவு அழுத்தம். சைக்கிள் ரியூப்பில் நாம் அடிக்கும் காற்று 3, 4 கிலோதான். பெரிதாகத் தெரிகிறதா? தொழிற்சாலைப் பொறி 700இலிருந்து 1,400 வரை சர்வசாதாரணமாகக் கொடுக்கும். வீட்டுப் பொறியில் கதிரையும் வாளியும் ஏன் செய்யமுடியாது என்பதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான்.

லொறி ஜக்கை வைத்து அழுத்தினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். பலம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. ஜக்கின் பிடியைப் பத்துத் தரம் அடித்து முடிப்பதற்குள் அச்சுக்குள் போன முதல் துளி இறுகி வழியை அடைத்துவிடும். இந்த வேலையில் அழுத்தமும் வேண்டும், அது ஓரிரு செக்கனுக்குள்ளும் வேண்டும். நெம்பு அதைத் தருகிறது. நெம்பு நிற்கும் சட்டத்தைத் தூணோடோ, நிலத்தில் கொங்கிறீற் போட்டோ பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தொங்க, பொறி உங்கள்மேல் சாயும்.

சூடு

பரலின் வெளிப்புறத்தில் 300 வாற் வளைய ஹீற்றர் இரண்டு. மொத்தம் 600 வாற். 230 வோல்ற்றில் 2.6 அம்பியர். மின்சாரம் என்பதே இல்லாமல் ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய்த் திரி போட்டுப் படித்த ஊரில், ஒரு ஸ்திரிக்கைப் பெட்டியளவு கூட இழுக்காத சுமை இது. ஆனாலும் பரலும் சட்டமும் இரும்பு. எர்த் வயர் போட்டு, ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் செருகுங்கள். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட வெட்கப்படத் தேவையில்லை.

வெப்பத்தைப் பார்த்துக்கொள்ள பி.ஐ.டி. கொன்றோலர் என்ற சின்னப் பெட்டியும், பரலின் சுவரில் நொசிலுக்குக் கிட்டத் துளை போட்டுச் செருகும் வெப்ப உணரியும் வேண்டும். உணரியை ஹீற்றரோடு ஒட்ட வைத்தால் அது ஹீற்றரின் சூட்டைச் சொல்லும், பரலுக்குள் இருப்பதைச் சொல்லாது. காஸ் சுவாலை பிடித்து உருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிப்பக்கம் கருக, நடுவில் பச்சையாய் நிற்கும்.

பிளாஸ்ரிக் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அதனால்தான் குக்கர்ப் பிடிக்கும் அதைப் போடுகிறார்கள். பரல் 200 பாகை காட்டினாலும் நடுவில் கிடக்கும் துண்டுக்கு அந்தச் சூடு போய்ச்சேர 10, 15 நிமிடம் எடுக்கும். திருகுப் பொறி வந்த காரணமும் இதுவே. திருகு பிசைந்து தேய்க்கும்போது உள்ளேயே சூடு பிறந்துவிடுகிறது. நம்மிடம் திருகு இல்லை, பொறுமைதான்.

கொட்டிலில் வைத்துச் செய்வது நல்லது, புகை நிற்காது. ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் காற்று பரலின் ஒருபக்கத்தை மட்டும் ஆறவைக்கும். கொன்றோலர் சரியென்று காட்ட, நொசில் அடைத்துப்போகும். கல் பஞ்சு சுற்றித் தகரத்தால் மூடிவிடுங்கள். கராஜ்களில் கிடக்கும் பழைய அஸ்பெஸ்ரஸ் கயிறு, சீற் எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

அச்சு

ஆட்கள் பொறியைப் பற்றியே பேசுவார்கள். பொறி இரண்டு நாள் வேலை. அச்சுத்தான் உண்மையான வேலை.

முதல் பொருளாக நான் எடுத்தது தறப்பாள் கயிறு இழுக்கும் பூட்டு. றோட்டோரத்தில் நெல் காயவிட்டுவிட்டு, மேற்கே இருட்டினால் ஓடிப்போய்த் தறப்பாள் இழுப்போமே, அந்தக் கயிற்றில் போடும் இரண்டு ஓட்டைத் துண்டு. 60 மில்லிமீற்றர் நீளம், 18 அகலம், 5 தடிப்பு. எடை 5 கிராமுக்குள். வளைவு நெளிவு இல்லை, தட்டையான சாமான். தட்டையான சாமானுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: மூன்று தகட்டு அச்சு.

5 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் பூட்டின் உருவத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய துண்டு வேண்டாம், ஓட்டைதான் வேண்டும். அந்தத் தகட்டை மேலும் கீழும் தடித்த தகடு வைத்துச் சாண்ட்விச் போல இறுக்கினால் நடுவில் பூட்டின் வெறும் வடிவம். கீழ்த் தகட்டில் இரண்டு ஆணி 5 மில்லிமீற்றர் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கயிறு போகும் ஓட்டைகள் அவைதான். மேல் தகட்டில் நொசில் வந்து அமரும் கூம்புத் துளை. ட்ரில், வாள், அரம் மூன்றும் போதும். லேத்தும் தேவையில்லை.

அரம் போடும்போது மூன்று விஷயம் மறக்கக்கூடாது. ஓரங்களை நேர் செங்குத்தாக விடாமல் ஒன்றிரண்டு பாகை சாய்க்கவேண்டும். இட்லித் தட்டின் குழி மேலே விரிந்திருப்பதும் இதற்குத்தான், கவிழ்த்தால் விழவேண்டும். இரண்டாவது, பிளாஸ்ரிக் ஆறும்போது சுருங்கும். பொலித்தீன் வகை நூற்றுக்கு 2 முதல் 3 வரை, சிலவேளை அதற்கும் மேலே. 60 மில்லிமீற்றர் வேண்டுமென்றால் அச்சை 61.5 போல வெட்டுங்கள்.

மூன்றாவது காற்று. மூடிய அச்சுக்குள் பிளாஸ்ரிக் நுழையும்போது அங்கே இருந்த காற்று எங்கே போகும்? வழி இல்லாவிட்டால் அது மூலையில் ஒடுங்கி, பிளாஸ்ரிக்கை உள்ளே விடாது. தொழிற்சாலை வேகத்தில் அந்தக் காற்று ஒடுங்கிச் சூடேறி மூலையைக் கருக்கிவிடும். லான்ட்மாஸ்ரர் எஞ்சினுக்குள் பிளக் இல்லாமலே டீசல் பற்றுவதும் இப்படித்தான். நம்முடைய கைவேகத்தில் பெரும்பாலும் மூலை நிரம்பாமல் நிற்கும், அவ்வளவுதான். நொசிலுக்கு எதிர்ப்பக்கக் கடைசி ஓரத்தில் தகட்டின் முகத்தில் அரத்தால் மெல்லிய கீறல் ஒன்று போடுங்கள். தலைமயிர்த் தடிப்பிலும் குறைந்த கீறல். காற்று போகும், பிளாஸ்ரிக் போகாது.

இறுக்குவதில் அலட்சியம் வேண்டாம். பூட்டின் பரப்பு ஏறக்குறைய 11 சதுர சென்ரிமீற்றர். அழுத்தம் 80 கிலோ. பெருக்கினால் 880 கிலோ பாரம் அச்சைப் பிளக்கப் பார்க்கிறது. கைக்கடக்கமான இந்தச் சாமானுக்கே நான்கு 10 மில்லிமீற்றர் போல்ற் வேண்டும்.

எதைப் போடலாம், எதைப் போடவே கூடாது

சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் கடினப் பொலித்தீன், எச்.டி.பி.ஈ. என்பது. 4 மென் பொலித்தீன். 5 பொலிபுறொப்பிலீன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாம் எண்ணைவிட நல்ல தோழன் கிடையாது. 130 பாகையில் உருகும். 190, 200இல் நன்றாக ஓடும். கொஞ்சம் கூடினாலும் கோபிக்காது. ஐந்தாம் எண் 165இல் உருகும், 210, 220 வரை கொண்டுபோகவேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள். முதலில் சொன்ன வாளிக் கதைதான், துண்டு தகடு தகடாக உரியும்.

எண் அழிந்துவிட்டால் ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 2, 4, 5 மிதக்கும். சோடாப் போத்தல் செய்யும் பெற், பி.வி.சி., யோகட் கப் வகை எல்லாம் தாழும். மிதப்பதை எடு, தாழ்வதை விடு. ஆனால் மிதப்பவற்றில் எது 2, எது 5 என்று இந்தச் சோதனை சொல்லாது.

பி.வி.சி.யைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும். ஏனென்றால் நம் தோட்டங்களில் அதிகம் உடைந்து கிடப்பது அந்தக் குழாய்தான். அதன் எடையில் பாதிக்குமேல் குளோரீன். ஒருகாலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து பிரித்தெடுத்ததே, அதே குளோரீன். பி.வி.சி. கூடச் சூடானால் அது ஐதரசன் குளோரைட்டாக வெளியே வரும். மூக்கையும் நெஞ்சையும் அரிக்கும், பரலையும் அரிக்கும். ஒரு துண்டு கலந்தாலும் போதும். சந்தேகம் என்றால் போடாதீர்கள்.

அடுத்தது மருந்துப் போத்தல்கள். வயலுக்கு அடிக்கும் களைநாசினி, பூச்சிநாசினி வந்த கான்களில் பெரும்பாலும் 2 என்றே இருக்கும். அருமையான பிளாஸ்ரிக் போலவும் தோன்றும். எத்தனை தரம் கழுவினாலும் மருந்து சுவருக்குள் ஊறியிருக்கும். உருக்கினால் அது உங்கள் முகத்துக்கு நேரே ஆவியாக எழும். வேண்டவே வேண்டாம். தண்ணீர்ப் போத்தல் மூடி, சலவைத் திரவக் கான், உடைந்த பெட்டி இவையே போதும்.

வெயிலில் கிடக்கப்போகும் சாமானுக்கு ஒரு தந்திரம்: அறுந்த கறுப்புப் பொலித்தீன் தண்ணீர்க்குழாயை நறுக்கி அதில் கலந்துகொள்ளுங்கள். அந்தக் கறுப்பு, நூற்றுக்கு 2 அளவில் கலந்த கரிப்பொடி. சூரிய ஒளி பிளாஸ்ரிக்கை வெட்டாமல் காப்பது அதுதான். வெள்ளை மூடியில் மட்டும் செய்தால் எங்கள் வெயிலுக்கு அதிக நாள் தாங்காது, பொரிந்துவிடும்.

இழுக்கும் நேரம்

விரல்நகம் அளவில் நறுக்கி, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே நீராவிக் குமிழி. பரலை நிரப்பி, பிஸ்ரனால் மெல்ல அமர்த்தி, திரும்ப நிரப்புங்கள். 15 நிமிடம். அச்சைத் தகரத்தின்மேல் வெயிலில் வைத்திருங்கள். பங்குனி, சித்திரை என்றால் கை வைக்க முடியாத சூடு தானாக வந்துவிடும். குளிர்ந்த அச்சில் பிளாஸ்ரிக் பாதி வழியில் உறைந்துவிடும்.

முதலில் அச்சில்லாமல் சிறிது வெளியே தள்ளிப் பாருங்கள். நொசிலில் இருந்து வரும் நூல் குமிழி இல்லாமல், பளபளப்பாக, அறாமல் இறங்கினால் தயார். விட்டு விட்டு வந்தால் இன்னும் வேகவில்லை. மஞ்சளாகி மணம் வந்தால் சூடு கூடிவிட்டது. அச்சை நொசிலில் இறுக்கமாகப் பொருத்தி, நெம்பை ஒரே இழுப்பாக இழுங்கள். இழுத்ததும் விட்டுவிடக்கூடாது. 15 செக்கன் தொங்கிக்கொண்டே நில்லுங்கள். உருகிய பொலித்தீன் ஆறி இறுகும்போது கனவளவில் ஐந்திலொரு பங்கு போலச் சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப உள்ளே இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கவேண்டும். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் நடுவில் குழி விழும்.

தோல் கையுறை, முழுக்கை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு கட்டாயம். நொசிலிலிருந்து தெறிக்கும் பிளாஸ்ரிக் கொதிக்கும் எண்ணெய் போல வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு எரிக்கும். பட்டால் உரிக்காமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னப்பிள்ளைகள் கொட்டிலுக்குள் வரவே கூடாது.

என் முதல் பூட்டு பாதி வந்தது, மற்றப் பாதி காற்று. அச்சுக் குளிர். இரண்டாவதில் ஓரமெல்லாம் பப்படம் போலத் தகடு பரவியிருந்தது. போல்ற் ஒன்று தளர்ந்திருந்தது. மூன்றாவது நன்றாக வந்தது, ஆனால் ஓட்டைக்குப் பின்னால் மெல்லிய கோடு. ஆணியைச் சுற்றி இரண்டாகப் பிரிந்த பிளாஸ்ரிக் அந்தப் பக்கம் சேரும்போது ஆறிவிட்டால் சரியாக ஒட்டாது. கயிற்றைக் கட்டி இழுத்தேன், அந்தக் கோட்டிலேயே பிளந்தது. சூட்டை 10 பாகை கூட்டி, நொசில் துளையை 3 மில்லிமீற்றரிலிருந்து 4 ஆக்கிய பிறகுதான் கோடு மறைந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். நான் இரண்டையும் ஒன்றாய் மாற்றினேன், எது வேலை செய்தது என்று இன்றும் சொல்லத் தெரியாது. கெட்டதை நறுக்கி மீண்டும் பரலில் போடலாம் என்பதால் மனம் அவ்வளவு நோகவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வெந்தால் பிளாஸ்ரிக் நொறுங்கத் தொடங்கும்.

இதில் பணம் வருமா? கடையில் மலிவாகக் கிடைக்கும் சாமானைச் செய்து விற்கப் பார்த்தால் வராது. நிரப்பும் ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் காத்திருக்கவைக்கும் பொறி இது. ஒருமுறை நிரப்பினால் ஐந்தாறு பூட்டு. கடையில் கிடைக்காததைச் செய்தால் கதை வேறு. மருந்தடிக்கும் தாங்கியின் உடைந்த பிடி, பழைய தையல் மெசினின் குமிழ், வலைக்காரர் கேட்கும் அளவில் ஒரு வளையம். இவற்றுக்கு ஆட்கள் தேடி வருவார்கள். சாப்பாட்டுச் சாமான் மட்டும் செய்து கொடுக்காதீர்கள். மூடி எங்கெங்கே கிடந்தது என்று உங்களுக்கே தெரியாது.

வேலை முடிந்ததும் பரலுக்குள் இருக்கும் மிச்சத்தைத் தள்ளி வெளியேற்றி, பிஸ்ரனை மேலே தூக்கி நிறுத்திவிட்டுச் சுவிட்சை அணையுங்கள். கீழே விட்டால் இரவில் பிளாஸ்ரிக் இறுகிப் பிஸ்ரனைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலை கொன்றோலர் 200 காட்டியவுடன் நெம்பில் கை வைக்கவேண்டாம். நொசிலுக்குள் இருக்கும் பழைய கட்டி இன்னும் உருகியிருக்காது. அடைத்த நொசிலோடு அழுத்தினால் அது துப்பாக்கி போல. நொசிலில் இருந்து தானாக ஒரு துளி எட்டிப் பார்க்கும்வரை இருங்கள்.